குண்டான் மூடியும் மையப்புள்ளியும்

போன வாரம் திவ்யா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற இடத்தில் இப்போது கணக்கு டீச்சராக இருப்பவள். பள்ளிக்குப் புதுப் பலகை வந்திருக்கிறதாம். சாக்பீஸ் வேண்டாம், விரலை வைத்தால் போதுமாம்.

"வட்டம்னு தொட்டா வட்டம் வந்துருது மிஸ். மையமும் அதுவே வச்சிருது. O-ன்னு பேரும் அதுவே போட்டுக்குது" என்றாள். பிறகு விஷயத்துக்கு வந்தாள். கணித மன்ற மலருக்கு நான் ஒரு கட்டுரை தர வேண்டும். தலைப்பையும் அவளே வைத்திருந்தாள்: 'வட்டத்தில் நாண்களும் விற்களும்: எளிதாகக் கற்பிப்பது எப்படி?'

எளிதாகக் கற்பித்த அனுபவம் எனக்கு நிறைய உண்டு. அதனால் வந்த வினையைத்தான் இங்கே எழுதுகிறேன். மலரில் போடத் தோதுப்படாவிட்டால் திவ்யா பொறுத்துக்கொள்ளட்டும்.

பி.எட். படித்த வருடத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அட்டையில் வட்டம் வெட்டினோம், கலர் நூலில் நாண் கட்டினோம், மார்க் வாங்கினோம். அதன் பிறகு அந்த அட்டைகள் விடுதியில் விசிறியாகப் பயன்பட்டன. அடுத்து வேலை கிடைத்தது. கந்தர்வக்கோட்டைப் பக்கம் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளி. புதுக்கோட்டையில் காலை பஸ்ஸைப் பிடித்தால் முந்திரித் தோப்புகளை வேடிக்கை பார்த்துக்கொண்டே போய் இறங்கலாம். விட்டால் அரை நாள் லீவு எழுதிக் கொடுக்கலாம்.

அந்தப் பள்ளியில் கரும்பலகைக்கான மரக் கவராயம் ஒன்று இருந்தது. நான் சேர்ந்தபோதே அதற்கு ஒரு கால் இல்லை. புதிது வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். அப்போதிருந்த தலைமையாசிரியர் வாங்கி வைத்துக்கொண்டார். அடுத்து வந்தவரும் வாங்கி வைத்துக்கொண்டார். வாங்கி வைத்தது கடிதத்தை, கவராயத்தை அல்ல. மூன்றாவது முறை எழுதுவதற்குள் நான் கெட்டிக்காரியாகிவிட்டேன். சத்துணவுக் கூடத்துக்குப் போய்ச் சாம்பார் குண்டானின் மூடியை எடுத்துவந்தேன்.

முறை இதுதான். மூடியைப் பலகையில் அழுத்திப் பிடிக்க வேண்டும். சுற்றிலும் சாக்பீஸை ஓட்ட வேண்டும். மூடியின் கைப்பிடி எந்த இடத்தில் இருக்கிறது என்று கண்ணால் மனதில் குறித்துக்கொண்டு, மூடியை எடுத்ததும் அந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்து O என்று எழுத வேண்டும். அவ்வளவுதான், வட்டம் தயார். கொஞ்சம் புளி வாசம் வரும். அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

வட்டத்தின் விளிம்பில் இரண்டு புள்ளிகளை நேராக இணைத்தால் அது நாண். அதே இரண்டு புள்ளிகளுக்கு நடுவே வளைந்து போகும் விளிம்பு, வில். இரண்டு நாண்கள் ஒரே நீளமானால் அவை வெட்டும் விற்களும் ஒரே அளவு என்று நிரூபிக்க வேண்டும். நான் எப்போதும் இடப்பக்கம் செங்குத்தாக ஒரு நாண், AB. வலப்பக்கம் அதற்கு இணையாக ஒரு நாண், CD. ஜன்னலுக்கு இரண்டு கம்பி வைத்த மாதிரி இருக்கும். பிறகு O-விலிருந்து நான்கு முனைகளுக்கும் கோடு. OA, OB, OC, OD நான்கும் ஆரங்கள், ஆகவே சமம். AB-யும் CD-யும் சமம் என்று கேள்வியிலேயே கொடுத்திருக்கிறது. மூன்று பக்கமும் சமமானதால் இரண்டு முக்கோணங்களும் சர்வசமம். ஆகவே மையத்தில் கோணங்கள் சமம். ஆகவே விற்கள் சமம். படத்துக்கு ஒன்று, தரவுக்கு ஒன்று, நிரூபணத்துக்கு மூன்று, ஆக ஐந்து மார்க்.

இதில் 'ஆகவே விற்கள் சமம்' என்ற கடைசி வரியை நான் நிதானமாக நடத்தியதே இல்லை. அந்த நேரத்துக்குச் சரியாகச் சத்துணவு ஆயாம்மா வாசலில் வந்து நிற்பார்.

"டீச்சர், மூடியக் குடுங்க. பருப்பு பொங்குது."

மூடி போய்விடும். நானும் அடுத்த தேற்றத்துக்குப் போய்விடுவேன். பிள்ளைகள் இதை அப்படியே மனப்பாடம் செய்தார்கள். AB இடது, CD வலது, O நடுவில். எழுத்தோ, நாணின் பக்கமோ மாறினால் நான் படத்துக்கு மார்க் போட மாட்டேன். மாவட்டப் பொது வினாத்தாளில் கேட்டால் ஐந்து மார்க் நிச்சயம் என்று பக்கத்துப் பள்ளி டீச்சர்கள்கூட என் முறையைப் பற்றி விசாரித்ததுண்டு. மூடியைப் பற்றி மட்டும் நான் அவர்களிடம் சொல்லவில்லை.

இப்படியே இருபத்தாறு வருடம் போனது. அந்த வருடம் ஒன்பதாம் வகுப்பில் கௌசல்யா என்று ஒரு பெண். அப்பா சவூதியில் டிரைவர். வருடத்துக்கு ஒரு முறை பெட்டியும் சென்ட் பாட்டிலுமாக வந்து போவார். அம்மா முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலைக்குப் போவார். கௌசல்யா கணக்கில் மந்தம் என்று ஸ்டாஃப் ரூமில் எல்லாரும் சொல்வோம். மந்தம் என்றால், நாங்கள் சொன்ன வேகத்தில் எழுத மாட்டாள். பாதியில் நின்று யோசிப்பாள். அது எங்களுக்கு மந்தமாகத் தெரிந்தது.

ஒரு நாள் மூடியை எடுத்துப் புள்ளியை வைத்ததும் எழுந்து நின்றாள்.

"மிஸ், அந்தப் புள்ளி நடுவுலதான் இருக்குன்னு எப்புடித் தெரியும்?"

"நான் வச்சா அதுதான் நடு. ஒக்காரு."

வகுப்பே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை, உட்கார்ந்து எழுதிக்கொண்டாள். என் பதிலை நினைத்து எனக்கு அன்றைக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

இனி எங்கள் தலைமையாசிரியரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சரித்திரப் பாடக்காரர். குரலை உயர்த்தியே பார்த்ததில்லை. நாற்காலியில் உட்காரும் முன் இஸ்திரி போட்ட கைக்குட்டையை விரிப்பார், எழும்போது அதே மடிப்பில் மடித்துப் பையில் வைப்பார். பச்சை மைப் பேனாவின் மூடியைத் திறந்து திறந்து மூடுவார், எழுத மாட்டார். எழுதிய உத்தரவு பின்னால் வந்து கழுத்தைப் பிடிக்கும் என்பது அவர் சரித்திரத்தில் படித்த பாடம் போலிருக்கிறது. அவருடைய உத்தரவெல்லாம் ஒரே சொல்தான்: "பாத்துக்கங்க."

எங்கள் பள்ளி பத்தாம் வகுப்பில் நான்கு வருடமாக நூறு சதவீதத் தேர்ச்சி. வாசலில் ஃபிளக்ஸ் தொங்கியது. அதன் ரகசியம் பத்தாம் வகுப்பில் இல்லை, ஒன்பதாம் வகுப்பில் இருந்தது. தேறாது என்று தோன்றுகிற பிள்ளைகளை ஒன்பதிலேயே நிறுத்திவிட்டால் பத்தில் யார் பெயிலாவது? அரசுப் பள்ளிகளில் இதை யாரும் செய்யக்கூடாது. அதனால் யாரும் செய்ததாகச் சொல்ல மாட்டார்கள்.

ஆண்டுத் தேர்வுக்கு முந்தைய வாரம் என்னைக் கூப்பிட்டார். தினசரிக் காலண்டரில் கிழித்த ஒரு தாள். பின்பக்கம் பென்சிலில் ஏழு தேர்வு எண்கள், பெயர் கிடையாது.

"டீச்சர், கணக்குதான் நம்ம கையில இருக்கு. மத்த பாடத்துல எப்படியோ எழுதிப்புடுறாங்க. பாத்துக்கங்க."

நான் படித்ததும் தாளைத் திரும்ப வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஏழில் ஒன்று கௌசல்யாவின் எண்.

அன்று மாலையே பஸ் ஸ்டாப்பில் அவளுடைய அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். முந்திரிப் பால் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்துப் போயிருந்தது.

"டீச்சர், இவ பாசாயிருவாளா?"

"ஏன், நல்லா எழுதுனா பாசாவா."

"பாசாயிட்டா படிக்கட்டும். பெயிலுன்னா அவ சித்தி கூட திருப்பூருக்கு அனுப்பிருவேன். பனியன் கம்பெனியில சேத்துவிடுறேங்குறா. அவுங்க அப்பாவும் போன்ல அதத்தான் சொல்றாரு. ஒரே கிளாஸுல ரெண்டு வருசம் ஒக்கார வைக்க முடியாதுங்க."

பதினாலு வயது. நான் "பாக்கலாம்மா" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். பஸ் கிளம்பிய பிறகுதான், நானும் தலைமையாசிரியரைப் போலவே பேசியிருக்கிறேன் என்று உறைத்தது.

தேர்வில் அந்தக் கேள்வி வந்தது. சம நாண்கள், சம விற்கள், ஐந்து மார்க். விடைக்குறிப்பு, அதாவது நாங்கள் 'கீ' என்பது, நானே எழுதியது. எங்கள் பிள்ளைகள் பாதிப் பேரிடம் கவராயம் இருக்காது. இருந்தாலும் திருகு லூசாகிப் பென்சில் நழுவும். வளையலை வைத்து வட்டம் போடலாம் என்று நானே அனுமதி கொடுத்திருந்தேன். மூடி வைத்தவள் வளையலைத் தடுக்க முடியுமா?

கௌசல்யாவும் வளையல்தான். ஆனால் படம் நான் கற்பித்த படம் இல்லை. AB சாய்வாக ஒரு பக்கம், CD வேறொரு சாய்வில் இன்னொரு பக்கம். வட்டத்துக்குள் என்னென்னவோ கோடுகள். பிறகு இரண்டு பக்கத்துக்கு ஏதோ எழுதியிருந்தாள். கடைசியில் அவசரமாக மூன்று வரியில் நான் கற்பித்த நிரூபணம். நான் படத்துக்குச் சுழி போட்டேன். இரண்டு பக்கத்தின் குறுக்கே கோடு இழுத்து 'தேவையற்றது' என்று எழுதினேன். தரவும் அந்த மூன்று வரியும் சேர்த்து இரண்டு மார்க். மொத்தம் முப்பத்து மூன்று. பாஸ் மார்க் முப்பத்தைந்து.

நான் எதையும் திட்டமிட்டுக் குறைக்கவில்லை. எந்தப் பிள்ளைக்கும் போடுவதுபோல்தான் போட்டேன். தலைமையாசிரியருக்கு என்ன வேண்டுமோ அது தானாகவே அமைந்துவிட்டது. மனசாட்சிக்கு இதைவிட வசதியான நாள் கிடையாது.

அவரிடம் இன்னொரு வழக்கம் உண்டு. பெயிலானவர்களின் தாளை மட்டும் இரண்டாம் முறை திருத்தி, ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டாவது டிக் போட்டு வைக்க வேண்டும். பெற்றோர் யாராவது வந்து கத்தினால் எடுத்துக் காட்டலாம். முன்ஜாக்கிரதை. அந்த முன்ஜாக்கிரதைதான் அவரைக் கவிழ்த்தது.

இரண்டாவது டிக் போட ஒன்பதாம் வகுப்பறையிலேயே உட்கார்ந்தேன். பிள்ளைகள் இல்லாத மதியம், ஃபேன் ஓடியது. கௌசல்யாவின் தாளில் நானே கோடு இழுத்த இரண்டு பக்கத்தை அப்போதுதான் முதல்முறையாகப் படித்தேன். அதாவது, படிக்காமலேயே தேவையற்றது என்று எழுதியிருந்தேன்.

அவள் எழுதியிருந்தது இது. வளையலுக்கு நடுப்புள்ளி கிடையாது. ஆகவே முதலில் மையத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். மையம் எங்கே இருந்தாலும் A-க்கும் B-க்கும் அது சம தூரத்தில் இருக்கும். ஆகவே AB-யின் நடுவிலிருந்து எழுப்பும் செங்குத்துக் கோட்டில்தான் அது இருந்தாக வேண்டும். ஏன் என்பதற்கு இரண்டு சிறு முக்கோணங்களை வைத்து நிரூபணம். அதேபோல CD-யின் நடுவிலிருந்தும் ஒரு செங்குத்துக் கோடு. இரண்டு கோட்டிலும் இருக்க வேண்டுமானால், அவை வெட்டும் இடம்தான் மையம். அதற்கு O என்று பெயர் வைக்கிறேன். ஸ்கேலும் மூலைமட்டமும் மட்டும் வைத்துச் செய்திருந்தாள்.

அடுத்த வரிதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. 'மிஸ் வரைவது போல் நாண்களை இணையாக வரைந்தால் இரண்டு செங்குத்துக் கோடும் ஒரே கோடாகிவிடும். வெட்டாது. மையம் கிடைக்காது. அதனால் சாய்த்து வரைந்தேன்.'

கரும்பலகையில் கடைசியாக நான் நடத்திய பாடம் அழிக்காமல் இருந்தது. என் வட்டம், என் ஜன்னல் கம்பிகள், என் O. மேஜையிலிருந்த ஸ்கேலை எடுத்து அளந்தேன். OA ஒரு அளவு, OB அதைவிட ஒரு விரல் கூடுதல், OC வேறு, OD வேறு. நான்கும் நான்கு திசையில் போனது போதாது என்று நான்கு நீளத்தில் போயிருந்தன. அதன் கீழே என் முத்து முத்தான கையெழுத்து: OA = OB = OC = OD, ஆரங்கள். இருபத்தாறு வருடம் பொய் எழுதி, அதற்குக் கீழே 'நிரூபிக்கப்பட்டது' என்றும் எழுதியிருக்கிறேன். அந்த மதியம் எனக்கு வந்த வெட்கத்தை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

கட்டைப் பிரித்து மற்றத் தாள்களைப் பார்த்தேன். வளையலில் வட்டம் போட்டவர்கள் எல்லாரும் என் பிள்ளைகள்தான்; நான் வைத்ததுபோலவே O-வைக் கண்ணால் வைத்திருந்தார்கள். எல்லாருக்கும் ஐந்துக்கு ஐந்து. பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவரின் மகன் நூற்றுக்கு நூறு வாங்கியிருந்தான். அவனுடைய O கிட்டத்தட்ட விளிம்புக்கே போயிருந்தது.

தாளை எடுத்துக்கொண்டு தலைமையாசிரியர் அறைக்குப் போனேன்.

"சார், இதுல ஒரு தப்பு நடந்துருச்சு."

"கூட்டல்லயா?"

"இல்ல சார். நான் இருபத்தாறு வருசமா நடத்துறதுல."

"அது பரவால்ல" என்றார், நிஜமான நிம்மதியுடன். "கூட்டல்ல இல்லையில்ல?"

படத்தைக் காட்டினேன். செங்குத்துக் கோட்டைக் காட்டினேன். அவர் பேனா மூடியைத் திறந்தார், மூடினார். சரித்திரத்தில் இதெல்லாம் இல்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

"டீச்சர், இது கீயில இருக்கா?"

"இல்ல சார்."

"கீ யாரு எழுதுனது?"

"நான்தான்."

"அப்ப நீங்க எழுதுன கீயில இல்லாததுக்கு நீங்களே மார்க் போட்டா, நாளைக்கு யாராச்சும் கேட்டா நான் என்ன சொல்றது? அதுவும் அந்த நம்பருக்கு. நான்தான் பாத்துக்கச் சொன்னேன்ல."

சரியான கேள்வி. எனக்குப் பயமாகத்தான் இருந்தது. அவர் எழுத மாட்டார் என்பது வெளிப்பார்வைக்குத்தான். எழுத வேண்டிய நேரத்தில் விளக்கம் கேட்டு எனக்கு ஒரு மெமோ எழுதுவார், அதுவும் பச்சை மையில். ஆனாலும் அந்த அம்மாவின் கறுத்த விரல்கள் ஞாபகத்துக்கு வந்தன. வாயும் தானாகத் திறந்துகொண்டது.

"அப்ப கீய மாத்திருறேன் சார். இந்தப் பிள்ளைக்கு மட்டுமில்ல, எல்லாருக்கும் ஒரே மாதிரி. வளையல வச்சு வரைஞ்சிட்டு O-வக் குத்துமதிப்பா வச்சவுங்க எல்லாருக்கும் படத்துக்கான ஒரு மார்க்கக் கொறைச்சிருறேன்."

"எத்தன பேரு?"

"இருவத்தி மூணு பேரு."

"நம்ம தலைவர் மகன்?"

"அவனும் வளையல்தான் சார்."

"அவனுக்கு ஏது வளையல்?"

"தங்கச்சியோடதா இருக்கும்."

நூறு வாங்கிய பையனுக்கு அடுத்த வாரம் ஆண்டு விழாவில் கேடயம். தலைவர் கையாலேயே தலைவர் மகனுக்கு. கேடயத்தில் 'நூற்றுக்கு நூறு' என்று பொறிக்கக் கொடுத்தாகிவிட்டது. இது போக, முப்பத்தைந்தின் விளிம்பில் நின்ற மூன்று நான்கு பேர் ஒரு மார்க்கில் கீழே விழுவார்கள். அவர்கள் காலண்டர் தாளில் இல்லாதவர்கள்.

அவர் சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தார். பேனா மூடியைத் திறந்தார். நான் பார்க்க, தன் சர்வீஸிலேயே முதல்முறையாக ஒரு விஷயத்தை எழுத்தில் செய்தார்: ஏழு எண்களில் ஒன்றைப் பச்சை மையால் அடித்தார்.

"அந்தப் பிள்ளைக்கு என்ன போடணுமோ போடுங்க. மத்த கட்டக் கட்டி வச்சிருங்க. அதத் தொடாதீங்க."

ஐந்துக்கு ஐந்து போட்டேன். மொத்தம் முப்பத்தாறு. நிரூபணம் அவரை அசைக்கவில்லை, நூறு தொண்ணூற்றொன்பது ஆவதுதான் அசைத்தது. மற்ற ஆறு எண்கள் அந்தத் தாளிலேயே இருந்தன. அவர்களுக்காக நான் வாய் திறக்கவில்லை. அவர்களுடைய தாள்களில் நான் படிக்காமல் கோடு இழுத்த பக்கங்கள் இருந்தனவா என்றும் பார்க்காமலேயே இரண்டாவது டிக்கைப் போட்டேன். ஒரு நாளுக்கு ஒரு வீரம் போதும் என்று வீட்டுக்குப் போய்விட்டேன். அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சை அறுக்கிறது.

மே மாதம் புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் ஒரு கடையில் என் செலவில் மரக் கவராயம் வாங்கினேன். ஆயாம்மாவுக்குத்தான் அதில் ரொம்பச் சந்தோஷம். மூடி கடைசி வரை குண்டான் மேலேயே இருந்தது.

கௌசல்யா பத்தாம் வகுப்பில் பெரிய மார்க் ஒன்றும் வாங்கவில்லை. பாஸானாள், ஃபிளக்ஸும் கிழியவில்லை. பாலிடெக்னிக் படித்து, இப்போது ஓசூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறாள். வரும் பாகங்களை அளந்து பார்த்து, அளவு சரியில்லாததைத் திருப்பி அனுப்புவதுதான் வேலையாம். அவளுக்கு யாரோ யோசித்துத்தான் வேலை கொடுத்திருக்கிறார்கள்.

எளிதாகக் கற்பிப்பது எப்படி என்று கேட்டாய், திவ்யா. அந்த ஜூன் மாதம், பள்ளி திறந்த முதல் நாள், வராந்தாவில் கௌசல்யாவை நிறுத்திக் கேட்டேன். கோபமாகக் கேட்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டேன். வேறு எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

"ஏன்டி, மூணு வரியில முடியிறதுக்கு ரெண்டு பக்கம் எழுதி வச்சிருந்த? நான் அப்புடியா நடத்துனேன்?"

கிண்டல் எதுவும் இல்லை அவள் முகத்தில். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் பிள்ளையின் முகம்தான்.

"கிளாஸுல நீங்க வச்சா அதுதான் நடுன்னு சொன்னீங்கள்ல மிஸ். பரிச்சை ஹால்ல நீங்க இல்லையே. நான் வச்சா அது எப்புடி நடுவாகும்? அதான் கண்டுபுடிச்சேன்."